விஷம் விளையும் கடற்கரை

ஸ்ரீபெரும்புதூர் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? பக்திமான்களுக்கு ராமாநுஜர் ஞாபகம் வரும். கொஞ்சம் வயதானவர்களுக்கு 1991-ம் ஆண்டு மே மாதம் 21-ந் தேதி இரவு ஞாபகம் வந்து மனம் கனக்கும். இளைஞர்களைக் கேட்டால் மோட்டார் வண்டி, கைபேசி, கண்ணாடி, டயர் என்று ஒரு பெரிய ஜாபிதாவே கொடுப்பார்கள். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கின. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ - நிஸ்ஸான் தொழிற்சாலை திறந்தது. 2013-ல் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் அங்கே குடிவந்தது. ஒரு காலத்தில் ஏரியும் வயலும் கரம்புமாய்க் கிடந்த இடத்தில் இன்று இரவும் பகலும் விளக்கு எரிகிறது.

இந்த ஜாபிதாவில் விட்டுப் போன ஒரு சரக்கைப் பற்றித்தான் இப்போது சொல்லப் போகிறேன். அதுவும் இந்தப் பக்கத்துச் சரக்குதான். இதே வட்டாரத்து வயல்களிலும் வரப்புகளிலும் புதர்களிலும் சேகரிக்கப்பட்டு, கடற்கரையோரமாக ஒரு கட்டடத்தில் பொடியாக்கப்பட்டு, பாரத தேசம் முழுவதற்கும் போகிறது. அதற்குப் புகை போக்கி கிடையாது, சங்கும் ஊதாது. ஆனால் அது ஒரு வருஷம் வராமல் நின்றுவிட்டால் நம் ஆஸ்பத்திரிகள் திண்டாடிப் போகும்.

அந்தச் சரக்கு என்ன தெரியுமா? பாம்பின் விஷம்!

பயந்து பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ஒரு விடுமுறை நாளில் குடும்பத்தோடு போய்வரக்கூடிய பிரயாணம்தான் இது. புறப்படுவோமா?

வழியில் கண்டவை

ஸ்ரீபெரும்புதூரில் ஆதிகேசவப் பெருமாளையும் எம்பெருமானாரையும் சேவித்துவிட்டுக் கிளம்புவது நல்லது. எல்லாரும் உய்ய வேண்டுமென்று, ரகசியமாய்க் காக்க வேண்டிய மந்திரத்தைத் திருக்கோஷ்டியூர் கோபுரத்தின் மேல் ஏறி ஊருக்கெல்லாம் சொன்னவர் அவர் என்பது வழி வழி வந்த வரலாறு. அதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். தெரிந்த வித்தையை ஊருக்குக் கொடுத்த இன்னொரு கூட்டத்தைப் பின்னால் பார்க்கப் போகிறோம்.

அங்கிருந்து தெற்கே ஒரகடம். ஒரகடத்தைத் தாண்டினால் சிங்கப்பெருமாள் கோயில். அங்கே பாறையைக் குடைந்த குகையில் நரசிம்மர் வீற்றிருக்கிறார். ஜி. எஸ். டி. ரோட்டில் ஏறினால் செங்கற்பட்டு. ஏரியைப் பார்த்துக்கொண்டே கிழக்கே திரும்பினால் திருக்கழுக்குன்றம்.

திருக்கழுக்குன்றத்துக் கழுகுகளைப் பற்றி உங்கள் பாட்டனார் கதை கதையாய்ச் சொல்லியிருப்பார். உச்சிவேளையில் இரண்டு வெள்ளைக் கழுகுகள் வரும், பண்டாரம் கையிலிருந்து சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுவிட்டுப் பறந்துபோகும் என்பார். அதெல்லாம் மெய்யாகவே நடந்ததுதான். ஆனால் 1990-களின் இறுதியோடு அவற்றின் வருகை நின்றுவிட்டது. இன்று மலையேறினால் வேதகிரீசுவரரைத் தரிசிக்கலாம். கழுகைத் தரிசிக்க முடியாது. ஒரு ஜீவன் நம் கண்ணெதிரே இல்லாமற் போவதற்கு யுகங்கள் வேண்டியதில்லை, ஒரு தலைமுறை போதும் என்பதற்கு அந்த மலை சாட்சி.

இதே செங்கற்பட்டு ஜில்லாவில் இதற்கு நேர்மாறான சாட்சியும் உண்டு. வேடந்தாங்கல்! ஏரிக்கு வரும் பறவைகளை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட்டபோது, கிராமத்து ஜனங்கள் நேரே கலெக்டரிடம் போய் முறையிட்டு, 1798-ல் சாசனமே வாங்கிவிட்டார்கள். அவர்கள் கணக்கு எளிமையானது. பறவை எச்சம் ஏரித் தண்ணீரில் கலக்கும். அந்தத் தண்ணீர் பாய்ந்தால் வயலுக்கு வேறு எரு வேண்டாம். பறவையைக் காக்க வேண்டும் என்ற பாடத்தை நம் குடியானவர்கள் அன்றே படித்துவிட்டார்கள்.

திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம். அங்கே அர்ஜுனன் தபசையும் ஐந்து ரதங்களையும் பார்ப்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன். நாம் கடலோரமாகவே வடக்கே திரும்பிச் சுமார் 14 கிலோமீட்டர் போக வேண்டும். வட நெம்மேலி என்று பெயர்ப் பலகை தெரிகிறதா? அதுதான் நம் ஊர். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர் வந்திருக்கிறோம்.

முதலைக்கு ஒரு பாங்கி

சாலைக்குக் கிழக்கே சவுக்கும் மற்ற மரங்களும் அடர்ந்த ஒரு தோப்பு. தோப்புக்கு அப்பால் கடல். உள்ளே நுழைந்தால் முதலைகள்! ஒன்றின் மேல் ஒன்றாக, அடுக்கி வைத்த விறகுக் கட்டை போல் படுத்துக் கிடக்கின்றன. வாயைத் திறந்தபடி சில அசையாமல் இருக்கும். "இது சிமென்டுப் பொம்மை" என்று உங்கள் பையன் அடித்துச் சொல்வான். சொல்லி முடிப்பதற்குள் அது தண்ணீரில் தொப்பென்று விழும்.

1970-களில் நம் நாட்டில் முதலையினமே பூண்டற்றுப் போகும் நிலையில் இருந்தது. கைப்பைக்கும் செருப்புக்குமாக அவற்றின் தோலை உரித்து உரித்து விற்றுவிட்டார்கள். ஆற்று முதலை, உப்பு நீர் முதலை, கங்கைச் சீமையின் நீண்ட மூக்குக் கரியால் ஆகிய மூன்றுமே ஆபத்தில் இருந்தன. பாங்கியில் பணம் போட்டு வட்டி வளர்ப்பது போல், முதலைகளைப் போட்டுக் குட்டிகளைப் பெருக்குவோம் என்று 1976-ல் ராமுலஸ் விட்டேகர், ஸாய் விட்டேகர் முதலியோர் இந்தச் 'சென்னை முதலைப் பாங்கி'யை ஏற்படுத்தினார்கள். வட்டி அமோகமாக வளர்ந்தது. பல மாநிலங்களுக்கு இங்கிருந்து முதலைகள் போயின.

முதலைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முட்டை புதைந்திருக்கும் மணலின் உஷ்ணம் நிர்ணயிக்கிறது. அந்த விசித்திரத்தைக் குழந்தைகளுக்குச் சொல்லுங்கள். பிறகு கொஞ்சம் உள்ளே தள்ளி வாருங்கள். நாம் தேடி வந்த இடம் அங்கேதான் இருக்கிறது. 'இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம்' என்று எழுதியிருக்கும்.

இருளர் யார்?

நீங்கள் இருளரைப் பார்த்திருக்கிறீர்கள். ஆனால் இருளர் என்று தெரிந்து பார்த்திருக்க மாட்டீர்கள். செங்கற்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம் ஜில்லாக்களில் ஊருக்கு வெளியே ஏரிக்கரையில் நாலு குடிசை கட்டிக்கொண்டு இருப்பார்கள். நெல் வயலில் எலி பிடிப்பார்கள். எலி வளையைத் தோண்டினால் எலியும் கிடைக்கும், அது பதுக்கி வைத்த நெல்லும் கிடைக்கும். மழைக்கு முன் புற்றிலிருந்து கிளம்பும் ஈசலைப் பிடிப்பார்கள். எந்த வேர் எந்த நோய்க்கு என்று தெரிந்து வைத்திருப்பார்கள். நீலகிரிப் பக்கத்துக் காடுகளிலும் இருளர்கள் உண்டு. இவர்கள் சமவெளி இருளர்கள். தமிழ்நாட்டில் மிகவும் நலிந்த பழங்குடிகள் என்று அரசாங்கம் கணக்கெடுத்திருக்கும் ஆறு வகுப்பாரில் இருளரும் ஒருவர்.

நலிவு என்றால் சாமானிய நலிவு அல்ல. முன்பணமாக ஒரு சிறு தொகையை வாங்கிவிட்டு, அரிசி ஆலையிலும் செங்கல் சூளையிலும் மரம் வெட்டும் இடத்திலும் குடும்பத்தோடு கொத்தடிமையாய்க் கிடந்தவர்கள் இவர்களில் ஏராளம். வீட்டுமனைப் பட்டா இல்லாமலும், ஜாதிச் சான்றிதழ் இல்லாமலும் பல தலைமுறைகள் கழிந்தன. தண்ணீர் வற்றினால் பெயர்ந்து போவார்கள். விரட்டினாலும் பெயர்ந்து போவார்கள்.

ஆனால் இவர்களிடம் ஒரு சொத்து இருந்தது. எந்தப் பத்திரத்திலும் எழுதாத சொத்து. பாம்பைப் பற்றி இவர்களுக்குத் தெரிந்த அளவு உலகத்தில் வெகு சிலருக்கே தெரியும்.

நீங்களும் நானும் வரப்பில் நடந்தால் மண்ணைத்தான் பார்ப்போம். ஓர் இருளர் நடந்தால் அதே மண் அவருக்குக் கடிதாசி போல. மண்ணில் இழைந்த ஒரு கோட்டைப் பார்த்து, போனது நாகமா விரியனா, எந்தத் திசையில் போயிற்று, போய் எத்தனை நாழிகையாயிற்று என்று படித்துவிடுவார். உரித்த சட்டையின் ஒரு துண்டு, உலர்ந்த எச்சம், வளை வாயிலில் சிலந்தி வலை அறுந்திருக்கும் விதம், இவையெல்லாம் அந்தக் கடிதாசியின் எழுத்துக்கள். பிறகு கடப்பாரையால் மெதுவாக மண்ணைத் தளர்த்திக் கையாலேயே பாம்பை வெளியே எடுப்பார். பெண்களும் இந்த வித்தையில் இளைத்தவர்கள் அல்ல. மகுடி கிடையாது, மந்திரம் கிடையாது, ஆட்டமும் கிடையாது. பாம்பாட்டி வேறு, இருளர் வேறு என்பதை மறந்துவிடக் கூடாது.

தோலிலிருந்து விஷத்துக்கு

இந்த வித்தைக்கு முன்பு ஒரு கொள்முதல்காரர் இருந்தார். தோல் வியாபாரிதான் அவர். பாம்புத் தோலில் செய்த பை, இடுப்புப் பட்டி, செருப்பு எல்லாம் மேல்நாட்டு நாகரிகத்தில் பிரமாதமாக விலை போயின. லட்சக்கணக்கில் பாம்புகள் செத்தன. பிடித்த இருளருக்குக் கிடைத்தது சொற்பம். நடுவில் நின்றவர்களுக்குக் கிடைத்தது மிகுதி. இது வழக்கமான கதைதானே!

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதைத் தொடர்ந்து பாம்புத் தோல் வாணிபம் தடை செய்யப்பட்டது. மிகவும் நியாயமான தடை. பாம்பு குறைந்தால் எலி பெருகும்; எலி பெருகினால் நம் நெல் குறையும். ஆனால் அந்த நியாயத்தின் பளு முழுவதும் யார் தலையில் விழுந்தது? நேற்று வரை பிழைப்பாயிருந்தது இன்று குற்றமாகிவிட்டது. தோல் வியாபாரி வேறு வியாபாரம் பார்த்துக்கொண்டார். இருளருக்கு வேறு வியாபாரம் தெரியாது.

"இதற்குச் சட்டம் என்ன செய்யும், ஸார்? பாம்பைக் காப்பாற்ற வேண்டுமானால் பிடிப்பவனை நிறுத்தித்தானே ஆக வேண்டும்?" என்று நீங்கள் கேட்கலாம். உலகமெங்கும் அப்படித்தான் நினைத்தார்கள். காட்டுக்கு வேலி போட்டு, காலங்காலமாக அங்கே இருந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டு, காவலுக்குச் சம்பளக்காரரை வைத்தார்கள். அந்தக் காட்டை அங்குலம் அங்குலமாக அறிந்தவர்கள் வேலிக்கு வெளியே நின்றார்கள்.

ராமுலஸ் விட்டேகர் வேறு மாதிரி யோசித்தார். அமெரிக்காவில் பிறந்து சிறு வயதிலேயே இந்தியாவுக்கு வந்துவிட்டவர் அவர். சென்னையில் பாம்புப் பண்ணை ஏற்படுத்தியவரும் அவரே. பாம்பு வித்தையில் தமக்கு இருளர்களே ஆசான்கள் என்பதை அவர் எப்போதும் மறைத்ததில்லை. பாம்பைக் கொல்லாமலே பாம்பினால் பிழைக்க முடியுமா என்பதே கேள்வி. முடியும், அதன் விஷத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பாம்பை அனுப்பிவிட்டால் முடியும் என்று தீர்மானித்து, இருளர்களும் அவரும் சேர்ந்து 1978-ல் இந்தச் சங்கத்தைத் தொடங்கினார்கள். பாம்பு பிடிக்கும் இருளர்களே உறுப்பினர்கள். பிற்காலத்தில் அவர்கள் தொகை சுமார் 350 வரை வளர்ந்தது.

மூன்று வார விருந்தாளி

சங்கம் நடக்கும் விதத்தைக் கேளுங்கள். எத்தனை பாம்பு பிடிக்கலாம், எந்தெந்த இனத்தில் எத்தனை என்று வனத்துறை உரிமம் தருகிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும்தான் கணக்கு. நம் நாட்டில் மனிதரைக் கொல்லும் பாம்புக் கடிகளில் பெரும்பாலானவை இந்த நால்வரின் கைவரிசை, மன்னிக்கவும், பல்வரிசை!

பிடித்து வரும் பாம்பை நிறுத்து, அளந்து, எங்கே பிடித்தது என்று எழுதிக்கொண்டு, மண்பானையில் விடுகிறார்கள். பானைக்குள் மணல், வாயில் துணி கட்டியிருக்கும். வரிசை வரிசையாகப் பானைகள் நிற்பதைப் பார்த்தால் ஏதோ கல்யாண வீட்டுச் சமையற்கட்டு என்று தோன்றும். ஒவ்வொரு பானையிலும் யார் இருக்கிறார் என்று நினைத்துப் பார்த்தால்தான் முதுகு சில்லிடும்.

வாரம் ஒரு முறை பாம்பை வெளியே எடுத்துக் கண்ணாடிக் கலத்தில் கடிக்க வைக்கிறார்கள். இரண்டொரு துளி விஷம் வடிகிறது. மூன்று நான்கு வாரத்தில் நாலு தடவை எடுத்தபின், வயிற்றுச் செதிளில் ஓர் அடையாளம் இட்டு, பாம்பை மறுபடி காட்டிலே கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். அடையாளம் எதற்கென்றால், அண்மையில் கொடை கொடுத்தவரை மறுபடி சீக்கிரம் தொந்தரவு செய்யாமல் இருப்பதற்கு. இத்தனை மரியாதை நம் வீட்டு விருந்தாளிகளுக்குக் கூடக் கிடைப்பது அரிது!

எடுத்த விஷத்தை உறையவைத்து, ஈரத்தை வாங்கிப் பொடியாக்குகிறார்கள். மருந்துக் கம்பெனிகள் அதை வாங்கி, துளித் துளியாகக் குதிரைக்கு ஊசி போடுகின்றன. குதிரையின் ரத்தத்தில் விஷத்தை முறிக்கும் சத்து உண்டாகிறது. அதைப் பிரித்தெடுத்ததுதான் ஆஸ்பத்திரியில் போடும் பாம்புக்கடி மருந்து. சுருட்டை விரியன் சின்னஞ்சிறு பாம்பு. அதனிடம் கிடைக்கும் விஷமும் கடுகளவுதான். அதனால் ஒரு சிமிழ் நிரம்ப எத்தனை பாம்புகள் வேண்டும், எத்தனை நாள் இருளர்கள் வெயிலில் நடக்க வேண்டும் என்று நீங்களே யோசித்துக் கொள்ளுங்கள்.

இந்தியாவில் பாம்புக்கடி மருந்து செய்யத் தேவையான விஷத்தில் மிகப் பெரும் பகுதி பல்லாண்டுகளாக இந்த ஒரு சங்கத்திலிருந்தே போய்க்கொண்டிருக்கிறது. இதன் அருமை தெரிய வேண்டுமானால் ஒரு கணக்கைச் சொல்கிறேன். 2000 முதல் 2019 வரை இருபது வருஷத்தில் நம் நாட்டில் பாம்பு கடித்து இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று 2020-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி மதிப்பிட்டது. வருஷத்துக்குச் சராசரி 58,000 பேர்! இறந்தவர்களில் பெரும்பாலோர் கிராமத்தார். வயலில் கால் வைத்தவர்கள். தரையில் பாய் விரித்துத் தூங்கியவர்கள். பாதி மரணம் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழைக்காலத்தில். உலக சுகாதார ஸ்தாபனம் 2017-ல்தான் பாம்புக்கடியை முக்கியமான, ஆனால் கவனிப்பாரற்ற வியாதிகளில் சேர்த்தது. 2030-க்குள் இந்தச் சாவைப் பாதியாகக் குறைப்பதென்று 2024-ல் இந்திய அரசாங்கம் திட்டம் வகுத்திருக்கிறது. அந்தத் திட்டம் எத்தனை பெரிய காகிதத்தில் இருந்தாலும், அதன் முதற்படி ஓர் இருளரின் கையில் இருக்கும் பாம்புதான்.

கடல் கடந்த புகழ்

2017-ம் ஆண்டு ஜனவரியில் ஒரு வேடிக்கை நடந்தது. அமெரிக்காவில் ஃப்ளோரிடா மாகாணத்துச் சதுப்புக் காட்டில், யாரோ ஆசைக்கு வளர்த்து விட்டுவிட்ட பர்மா தேசத்து மலைப்பாம்புகள் பெருகி, அங்குள்ள முயலையும் மானையும் தீர்த்துக் கட்டிக்கொண்டிருந்தன. மோப்ப நாய், போட்டிப் பரிசு என்று என்னென்னவோ செய்து பார்த்தார்கள். கடைசியில் செங்கற்பட்டுப் பக்கத்துச் சென்னேரியிலிருந்து மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இருவரை விமானத்தில் வரவழைத்தார்கள். இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகள் அகப்பட்டன. அவற்றில் ஒன்று 16 அடி நீளம்! புதுத் தேசம், புதுப் பாம்பு, பாஷை தெரியாது. ஆனாலும் மண்ணின் எழுத்து எங்கும் ஒன்றுதான் போலிருக்கிறது. 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

யார் வீட்டில் யார் தலைவர்?

இங்கே ஒரு சங்கடமான கேள்வியும் எழுகிறது. பழங்குடிகளை விருது கொடுத்துப் பாராட்டுவது வேறு. பொறுப்பைக் கொடுப்பது வேறு. இதில் மற்ற தேசங்கள் எப்படி?

கானடா தேசத்தின் மேற்குக் கடலில் குவாய் ஹானாஸ் என்று ஒரு தீவுக் கூட்டம். ஹைடா என்ற பழங்குடியினரின் பூமி அது. அங்கே மரம் வெட்ட வந்தவர்களை எதிர்த்து 1985-ல் ஹைடா முதியவர்கள் பாதையில் உட்கார்ந்து கைதானார்கள். 1993-ல் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. இன்று அந்தக் கடற்கரைப் பூங்காவை நிர்வகிக்கும் சபையில் அரசாங்கத்தார் எத்தனை பேரோ, ஹைடாக்களும் அத்தனை பேர். பூமி யாருக்குச் சொந்தம் என்ற வழக்கை ஒரு பக்கம் வைத்துவிட்டு, காப்பது நம் இருவர் பொறுப்பு என்று கைகோத்துக் கொண்டார்கள்.

ஆஸ்திரேலியாவில் பூடெரீ என்றொரு கடலோரப் பூங்கா. பெயருக்கு மீன் நிறைந்த இடம் என்று பொருள் சொல்கிறார்கள். 1995-ல் அந்த நிலத்தை அங்குள்ள ஆதிக்குடிகளுக்கே திருப்பிக் கொடுத்து, பிறகு அவர்களிடமிருந்து அரசாங்கம் குத்தகைக்கு வாங்கிக்கொண்டது! நிர்வாக சபையில் அவர்களுக்கே பெரும்பான்மை.

நம் தமிழ்நாட்டிலும் இந்த வழியில் நல்ல அடி எடுத்து வைத்த இடம் உண்டு. சிதம்பரத்துக்குக் கிழக்கே பிச்சாவரம் போயிருப்பீர்கள். படகில் சுரபுன்னைக் காட்டைச் சுற்றி வந்திருப்பீர்கள். அங்கேயும் கையாலேயே இறால் பிடிக்கும் இருளர்கள் இருக்கிறார்கள். 1990-களில் வனத்துறையும் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் கிராமத்தாரோடு சேர்ந்து, மீன் முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டிக் கடல் நீரைப் பாய்ச்சி, பட்டுப் போயிருந்த காட்டைத் தழைக்க வைத்தார்கள். 2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி ஆழிப் பேரலை வந்தபோது, காட்டின் மறைவில் இருந்த குடியிருப்புகளில் சேதம் குறைவாக இருந்தது. காட்டைக் காத்தவர்களைக் காடு காத்தது.

வட நெம்மேலியின் நிலைமை இவற்றுக்கு நடுவில் இருக்கிறது. முதலைப் பாங்கியை நடத்துவது ஓர் அறக்கட்டளை. அந்த வளாகத்துக்குள் இருளர்களின் சங்கம் இருளர்களுடையது. பாம்பு பிடிக்க உரிமம் தருவது அரசாங்கம். மூன்று பேரும் ஒத்துப் போனால்தான் பானையில் பாம்பு வரும். உரிமம் தாமதமாகும் வருஷத்தில் பானைகள் காலியாகக் கிடக்கும்; உறுப்பினர் மறுபடி மண்வெட்டியைத் தூக்க வேண்டியதுதான். தேசத்துக்கே மருந்து கொடுக்கும் கை, அடுத்த மாதச் சோற்றுக்கு ஒரு கையெழுத்தை எதிர்பார்த்து நிற்கிறது. இது சரிதானா என்று நீங்களே சொல்லுங்கள்.

இன்னொரு விஷயம். ஒரே நாகப்பாம்புதான் என்றாலும், தமிழ்நாட்டு நாகத்தின் விஷமும் ராஜஸ்தானத்து நாகத்தின் விஷமும் ஒன்றல்ல என்று பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்து ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். இங்கே எடுத்த விஷத்திலிருந்து செய்த மருந்து அங்கே அவ்வளவாகப் பலிக்காமல் போகலாம். அப்படியானால் பரிகாரம் என்ன? வடநாட்டிலும் கிழக்கிலும் இதேபோல் சங்கங்கள் வேண்டும். அதற்கு ஆசான்கள் எங்கே? செங்கற்பட்டு ஜில்லா ஏரிக்கரைக் குடிசைகளில் இருக்கிறார்கள்!

ஆனால் அவர்கள் எத்தனை நாள் இருப்பார்கள்? ஏரிக்கரைகள் மனைகளாகின்றன, வரப்புகள் மதிற்சுவர்களாகின்றன. இருளர் வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள்; வேன் ஏறித் தொழிற்சாலைக்கும் போகிறார்கள். போக வேண்டியதுதான். பாட்டன் தொழிலையே பேரனும் செய்ய வேண்டும் என்று சொல்ல நமக்கு என்ன பாத்தியதை? ஆனால் மண்ணைப் படிக்கத் தெரிந்த பிள்ளைக்கும் நல்ல சம்பளமும் நல்ல பெயரும் உண்டு என்று ஆனால், அந்தப் படிப்பும் பிழைத்துக் கிடக்கும். திருக்கழுக்குன்றத்துக் கழுகு மாதிரி ஆகாது.

திருக்கழுக்குன்றத்தை அடுத்த தண்டரையில் 1986 முதல் இருளர் பெண்களே ஒரு நலச் சங்கம் வைத்து, மூலிகைத் தோட்டம் வளர்த்து மருந்து செய்து விற்கிறார்கள். வழியில் இறங்கிப் பார்த்துவிட்டுப் போகலாம்.

மாசி நிலவில்

முடிந்தால் மாசி மகத்தை ஒட்டி இந்தப் பக்கம் வாருங்கள். மாமல்லபுரம் கடற்கரையில் அன்று இருளர் திருவிழா. நாலா ஜில்லாவிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து, கழி நட்டுப் புடைவையைக் கட்டிக் கூடாரம் போடுவார்கள். அவர்களுடைய குலதெய்வம் கன்னியம்மன். அம்மன் கோபித்துக்கொண்டு கடலுக்குப் போய்விட்டாளாம். சமாதானம் சொல்லி அவளைத் திரும்ப அழைத்துப் போகவே அத்தனை பேரும் வருகிறார்கள்! இரவெல்லாம் நிலவில் பாட்டும் ஆட்டமும். விடியற்காலையில் அலையோரத்தில் மணலைக் குவித்து ஏழு படி கட்டி, பூவும் பழமும் வைத்துப் படைப்பார்கள். அம்மன் எதிரில் அங்கேயே கல்யாணம் நிச்சயமாகும். தாலி கட்டுவதும் உண்டு. பல்லவ ராஜாக்கள் கல்லில் கட்டிய கோயில் ஒரு பக்கம். இவர்கள் மணலில் கட்டிய கோயில் ஒரு பக்கம். அலை வந்து அழித்துவிட்டுப் போகும். அடுத்த வருஷம் மறுபடி கட்டுவார்கள்.

போகுமுன் ஒரு வார்த்தை

முதலைப் பாங்கிக்குத் திங்கட்கிழமை விடுமுறை. அன்று போய் ஏமாறாதீர்கள். விஷம் எடுப்பதைப் பார்க்க முடியுமா என்று முன்கூட்டியே விசாரித்துக் கொள்ளுங்கள். முதலையின் மேல் கல் எறியும் மகானுபாவர்கள் உங்கள் கோஷ்டியில் இருந்தால் அவர்களை வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் மறக்கக் கூடாதது ஒன்று உண்டு. யாரையாவது பாம்பு கடித்தால் கடிவாயைக் கீறாதீர்கள்; வாய் வைத்து உறிஞ்சாதீர்கள்; கயிற்றால் இறுக்கிக் கட்டாதீர்கள்; மந்திரிக்கிறவரைத் தேடி நேரத்தைப் போக்காதீர்கள். கடிபட்டவரைப் பதறாமல், நடக்க விடாமல், கடிபட்ட அங்கத்தை அசைக்காமல் அருகிலுள்ள அரசாங்க ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். கட்டுவிரியன் தூக்கத்தில் கடித்தால் வலிகூடத் தெரியாது. ஆகவே கிராமத்து உறவினர்களுக்குக் கட்டிலும் கொசுவலையும் வாங்கிக் கொடுங்கள். இருட்டில் நடக்க ஒரு டார்ச் விளக்கும் கொடுங்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு சிறு குப்பியை உடைத்து ஊசியில் ஏற்றுவார். குப்பியின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் கம்பெனியின் பெயர் இருக்கும், விலை இருக்கும், தேதி இருக்கும். ஏரிக்கரைக் குடிசையில் இருப்பவர் பெயர் மட்டும் இராது. அதை இனி நீங்கள் நினைவில் வைத்துக்கொள்வீர்கள் அல்லவா?